கப்பி நீர்மூழ்கி மாடல் கிட்: ஒரு பேட்டரிக் கடைக்காரரின் அனுபவம்

மதுரை சிம்மக்கல்லில் 22 வருஷமாக லாரி, டிராக்டர் பேட்டரி வேலை பார்க்கிறேன். ராத்திரி கடை அடைத்த பிறகு பிளாஸ்டிக் மாடல் ஒட்டுவது பழக்கம். இந்தத் தடவை ‘கப்பி 2’ வகை அமெரிக்க நீர்மூழ்கி, 350-இல் ஒரு பங்கு அளவு. ஒட்டி முடித்தால் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் நீளம். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கினேன்.

வாங்கியதே பேட்டரிக்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க நீர்மூழ்கிகள் தண்ணீருக்கு மேலே 20 நாட் (கப்பல் வேக அளவு; மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகம் போகும், மூழ்கினால் 9 நாட்கூடத் தேறாது. ஜெர்மனியின் 21-ஆம் வகை நீர்மூழ்கி போர் முடிந்து கைக்கு வந்ததும், அதைப் பார்த்துப் பழைய கப்பல்களையே மாற்ற ஆரம்பித்தார்கள். அந்த மாற்றத்துக்குத்தான் ‘கப்பி’ என்று பெயர். மேல்தளப் பீரங்கி போனது, கோபுரத்தைச் சுற்றி வழவழப்பான மூடி வந்தது. ஆனால் விஷயம் உள்ளே. 126 செல் வீதம் 2 பேட்டரி இருந்த கப்பலில் 4 வைத்தார்கள், மொத்தம் 504 செல். குண்டு அடுக்கும் அறை, நல்ல தண்ணீர்த் தொட்டி இடமெல்லாம் பேட்டரிக்குப் போனது. பிளேட்டை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். லாரி செல்ஃப் எடுக்கிற பேட்டரியும் இதே கணக்குத்தான்: மெல்லிய பிளேட்டு சட்டென்று கரண்டைக் கொட்டும், சீக்கிரம் உதிரவும் செய்யும். 5 வருஷம் உழைத்த பேட்டரி 18 மாதத்துக்கு இறங்கியது. பதிலுக்கு மூழ்கியபடி அரைமணி நேரம் 16 நாட்! எனக்கு அது நியாயமான பேரமாகவே படுகிறது.

சரி, கிட்டுக்கு வருகிறேன். உருண்டை மூக்கு அச்சாக வந்திருக்கிறது. போர்க்காலக் கப்பலின் கூர்மூக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உடலின் இரண்டு பாதியும் நன்றாகப் பொருந்தின. 600 நம்பர் உப்புத்தாளில் நாலு இழுப்பு, ஒட்டிய கோடு மறைந்துவிட்டது. குறை ஸ்நார்க்கலில். மூழ்கியபடியே டீசல் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய் அது. பெட்டியைத் திறக்கும்போதே ஒடிந்து கிடந்தது. கடையில் கேட்டதற்கு மாற்றித் தர முடியாது என்றார்கள். இவ்வளவு கொடுத்து வாங்கியும் இப்படியா என்று வருத்தமாக இருந்தது. கடைசியில் பேட்டரி கேபிளிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, நறுக்கி நட்டேன். பிளாஸ்டிக்கை விட உறுதி.

இதற்கு ‘காஸி’ என்று பெயர் எழுத நினைப்பவர்கள் கவனிக்கவும். 1971 டிசம்பரில் விசாகப்பட்டினம் அருகே மூழ்கிய அந்தப் பாகிஸ்தான் நீர்மூழ்கி, முன்பு அமெரிக்காவின் ‘டியாப்லோ’. ஸ்நார்க்கல் வைத்தார்கள், பேட்டரியைக் கூட்டவில்லை. அதனால் கப்பி கணக்கில் வராது.

பணத்துக்குப் பழுதில்லை, தாராளமாக வாங்கலாம். பெட்டியைக் கடையிலேயே பிரித்து ஸ்நார்க்கலைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், விளக்கத்தாளில் பேட்டரி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. நான் பழைய செபரேட்டரில் (பேட்டரிப் பிளேட்டுகளுக்கு நடுவே வைக்கும் தடுப்பு) நாலு பேட்டரிக்கு நாலு துண்டு வெட்டி, உடலை மூடும் முன் அடியில் வரிசையாக ஒட்டிவைத்தேன்.