கரையோரத் தோட்டத்துக்கு எந்த லெட்டூஸ்: ஐஸ்பெர்க், பட்டாவியா, ரோமெய்ன்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, சாயல்குடி என்று நீளும் நமது கரையோரத்தில் பச்சையாகவே உண்ணும் இலைக்கீரையான லெட்டூஸின் விதை தேடுகிறவர்கள், இலைகள் இறுக மூடி உருண்டை கட்டும் ஐஸ்பெர்க் வகையைத்தான் பெரும்பாலும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். கடித்தால் நறுக்கென்று ஒடியும் இலைக்கு அது ஒன்றே வழி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் பாதி திறந்த கொத்தாக வளரும் பட்டாவியாவும், நீள இலைகளோடு நிமிர்ந்து நிற்கும் ரோமெய்னும் நல்ல மொறுமொறுப்பைத் தரக்கூடியவையே. நம் வெக்கைக்கும் நம் தண்ணீருக்கும் எது ஈடுகொடுக்கும் என்பதே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே முதலிடம் பட்டாவியாவுக்குத்தான்.

லெட்டூஸ் குளிர்காலப் பயிர். ஐஸ்பெர்க் கெட்டியாக உருண்டை கட்ட வேண்டுமானால் பகல் வெப்பம் 24 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இரவு நன்றாகக் குளிர வேண்டும். ஊட்டியில் அது இயல்பாகக் கிடைக்கிறது. நம் கடற்கரையிலோ மார்கழி, தை மாதங்களில்கூட இரவு வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பனையோலைத் தட்டியோ பச்சை நிழல்வலையோ பகல் வெயிலைக் குறைக்கும், இரவைக் குளிர்விக்காது. நீண்ட பகலும் லெட்டூஸைத் தண்டு நீட்டிப் பூக்கவைக்கும் என்றாலும், ஏறத்தாழ 9 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்குப் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர அளவுக்குத்தான் மாறுகிறது. ஆகவே இங்கே செடியைத் தண்டு நீட்டவைப்பது பெரும்பாலும் வெப்பம்தான்.

இதனால் நாள் கணக்கு மிகவும் முக்கியமாகிறது. விதைத்ததிலிருந்து ஐஸ்பெர்க்குக்கு 75 முதல் 85 நாள் வரை தேவை. பட்டாவியாவுக்கு 50 முதல் 60 நாள் போதும். நவம்பர் நடுவில் நாற்று போட்டால், பட்டாவியா பொங்கலை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். ஐஸ்பெர்க் அப்போதுதான் உள்ளே மூடத் தொடங்கியிருக்கும்; அது முதிர்வதற்குள் மாசி வெயில் எட்டிப் பார்த்துவிடும். ஐஸ்பெர்க்கே வேண்டும் என்பவர்கள் 1941-இல் அமெரிக்காவில் வெளியான ‘கிரேட் லேக்ஸ்’ ரகத்தைத் தேடலாம். பழைய ரகமானாலும், தண்டு நீட்டுவதில் முந்தைய ரகங்களைவிட நிதானமானது. நம் நாட்டு விதைக்கடைகளிலும் கிடைக்கிறது.

நாள் கணக்கைவிடப் பெரிய வேறுபாடு இலைகளுக்கு உள்ளே இருக்கிறது. நம் பக்கத்தில் வளர்ந்த ஐஸ்பெர்க் உருண்டை ஒன்றை இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளி இலைகள் குறையில்லாமல் பச்சையாக இருக்க, உள்ளே இருக்கும் இளம் இலைகளின் விளிம்பு மட்டும் பழுப்பேறி, ஈரமாகக் கருகி, சில இடங்களில் வழவழப்பாகியிருக்கும். இது நோய்க்கிருமியால் வருவதன்று. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து, நீரை ஆவியாக வெளியிடும் இலைகளை நோக்கியே அதிகமாகச் செல்லும். மூடிய உருண்டைக்குள் இருக்கும் குருத்திலைகள் ஏறக்குறைய எதையும் ஆவியாக்காததால், மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் அவற்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. கடற்காற்றின் ஈரப்பதமும், வெப்பத்தில் செடி அவசரமாக வளர்வதும், பாசன நீரிலுள்ள சோடியமும் இந்தக் குறையை இன்னும் கூட்டிவிடுகின்றன. பட்டாவியாவின் இலைகள் விரிந்தே நிற்பதால் அதன் குருத்துக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது. கருகல் அவ்வளவாக வருவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை முன்னிறுத்துவேன்.

உப்பைத் தாங்குவதில் மூன்றையும் ஒன்றாகவே கொள்ளலாம், எதுவும் தாங்காது. மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 1.3 டெசிசீமென்ஸை (உப்பை மின்கடத்துதிறன் வழியே அளக்கும் அலகு) தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 13 சதவீதம் விழும் என்பது இப்பயிருக்கு நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. நம் ஊர்களில் வாயில் வைத்தாலே கரிக்கும் கிணற்று நீரை இதற்கு ஊற்றவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து குழாய் வழியே தொட்டியில் பிடித்து வைப்பதே சரியான வழி. செடி வளர்க்கும் பை ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் என்று வைத்தால், பத்துப் பைகளுக்கு 80 நாளில் 400 லிட்டர் செலவாகும். 55 நாளில் முடியும் பட்டாவியாவுக்கு 275 லிட்டர் போதும். குடிநீரையே குடக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் சிறிதன்று. தென்னை நார்க்கழிவையும் அப்படியே பையில் போட்டுவிடாதீர்கள். அதுவும் உப்பைச் சுமந்து வரக்கூடியது. நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே தொழுவுரத்தோடு கலக்க வேண்டும்.

முளைப்பிலும் மூன்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. முளைக்காத விதையைக் கடைக்காரர் தந்த பழைய விதை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் விதையின் மேல் குற்றமில்லை. ஈரமான லெட்டூஸ் விதை 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கிடந்தால் முளைக்காமல் உறங்கிப்போகும். பிறகு குளிர்ந்தாலும் உடனே விழிக்காது. எனவே ஈரத் துணியில் விதையைப் பரப்பி, மூடிய டப்பாவில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு, மூன்று நாள் விட்டு, அதன்பின் வீட்டுக்குள் குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். வெள்ளைப் புள்ளியாக வேர் எட்டிப் பார்த்ததும், மாலை வேளையில் குழித்தட்டில் விதையுங்கள். வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும் விதை என்பதால் மண்ணை மேலே தூவினால் போதும், புதைக்க வேண்டாம். எறும்பு இவ்விதையை இழுத்துக்கொண்டு போகும். தட்டை வைத்திருக்கும் மேசையின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவது நல்லது.

ரோமெய்னைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 65 முதல் 70 நாள் எடுக்கும். ஐஸ்பெர்க்கைவிட வைட்டமின் ஏ மிகுதியாக உடையது. நடுநரம்பு நல்ல மொறுமொறுப்பாக இருக்கும். ஆனால் நிமிர்ந்து வளர்வதால் வாடைக்காற்று சுமந்து வரும் உப்புத்தூவலை அதிகமாக வாங்கும். கடலை ஒட்டிய வீடுகளில் காற்றுக்கு மறைப்பு கட்டாமல் அதை வைக்க வேண்டாம். உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களுக்கு இது நல்ல இரண்டாவது தேர்வு.

அறுவடையிலும் பட்டாவியாவுக்கே அனுகூலம். 40 நாளுக்குப் பிறகு வெளி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே வரலாம். ஏதேனும் ஒரு செடி பழுதானாலும் அதுவரை பறித்தது லாபம். ஐஸ்பெர்க் கடைசியில் ஒரே முறைதான் தரும். எந்த வகையானாலும் விடியற்காலையில், இலையில் நீர் நிறைந்திருக்கும்போதே பறிக்க வேண்டும்; வெயில் ஏறினால் மொறுமொறுப்பு போய்விடும். வெட்டுவாயில் பால் மிகுந்து கசப்பு கூடினால், செடி பூக்கத் தயாராகிவிட்டது என்று பொருள்.

இத்தனைக்குப் பிறகும் ஐஸ்பெர்க் மேல் ஆசை விடவில்லையென்றால், பத்துப் பைகளில் இரண்டை மட்டும் அதற்கு ஒதுக்குங்கள். முழு உருண்டைக்காகக் காத்திராமல், கையால் அழுத்தினால் சற்றே இளகிக் கொடுக்கும் பருவத்திலேயே, ஜனவரி முடிவதற்குள் அறுத்துவிடுங்கள். உள்விளிம்பு கருகுவதற்கு முன் கிடைக்கும் அந்த அரை உருண்டையே நம் கரையில் அவ்வகை தரும் நல்ல விளைச்சல்.