ஆறு வருடம் டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு

டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள பைக் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பின்சக்கரம் சறுக்கினால் இன்ஜின் சக்தியைத் தானே குறைக்கும் மின்னணு ஏற்பாடுதான் இந்தக் கன்ட்ரோல். 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது, அதில் கொஞ்சம் ரேஸ் டிராக்கிலும். மொத்தம் எட்டு நிலைகள்: 1 பட்டும் படாமல் இருக்கும், 8 எதற்கெடுத்தாலும் பயப்படும். வாங்கிய புதிதில் 6-இல் வைத்ததோடு சரி. அது தலையிடும்போது மீட்டரில் மின்னும் மஞ்சள் விளக்கைப் பார்த்ததே அபூர்வம். வேலை செய்கிறதா என்றுகூடச் சந்தேகம்.

ஒருநாள் டிராக்கில் நண்பனிடம் சாவியைக் கொடுத்தேன். மண் தடத்தில் பைக் பழகியவன். இரண்டே சுற்று. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "என்னடா, கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு" என்றான். விளக்கு நிற்காமல் மின்னியதாம். அதே டயர், அதே நிலை 6.

நான் 125 சிசியில் வளர்ந்தவன். சின்ன இன்ஜினில் வளைவில் வேகத்தை விட்டால் நேர்ப்பாதையில் திரும்பக் கிடைக்காது. அதனால் அகலமாக வளைத்து, நீண்ட நேரம் சாய்ந்தபடி, ஆக்சிலேட்டரை மெல்லத் திறப்பேன். அவனோ பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு பைக்கைத் திருப்பி, சீக்கிரம் நிமிர்த்தி முறுக்குவான். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கணினி இன்ஜின் சக்தியைக் குறைக்கிறது. என்னிடம் குறைக்க ஒன்றும் இல்லை. அவனிடமோ அவன் எதை வைத்துத் திருப்புகிறானோ அதையே பிடுங்கிவிடுகிறது.

பெரிய பந்தயக்காரர்களிடமும் இதே கதைதான். அமெரிக்க டர்ட் டிராக்கில், அதாவது மண் தடப் பந்தயத்தில், வளர்ந்த கென்னி ராபர்ட்ஸ் 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று முறை 500 சிசி உலகப் பட்டம் வென்றார். அப்போது இந்த மின்னணு எல்லாம் ஏது? மணிக்கட்டுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல். 250 சிசியில் 2006, 2007 பட்டங்களை வென்று பைக் பந்தயத்தின் உச்ச வகுப்பான மோட்டோஜிபிக்கு வந்த ஸ்பெயின்காரர் ஹோர்ஹே லொரென்சோ கோடு பிசகாமல் மென்மையாகப் போவார். மண்ணில் வளர்ந்த ஆஸ்திரேலியர் கேசி ஸ்டோனருக்கு மின்னணுத் தலையீடே பிடிக்காது. 2016-இல் மோட்டோஜிபியில் இன்ஜினைக் கட்டுப்படுத்த எல்லோருக்கும் ஒரே மென்பொருள் என்று ஆனபோது, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பியது என்பது என் கட்சி.

சரி, என் கதைக்கு வருகிறேன். நண்பனோடு சின்ன பைக்கில் மண்ணில் பழகப் போனேன். சைக்கிள் வேகத்தில்கூட விழுந்தேன். நாலைந்து தடவை போன பிறகுதான் பின்சக்கரம் நழுவினால் உடனே ஆக்சிலேட்டரை மூடும் பழக்கம் விட்டது. நல்ல வேகத்தில் சாய்ந்திருக்கும்போது அப்படிச் சட்டென்று மூடினால் டயர் திடீரென்று பிடித்து ஆளையே தூக்கி எறிந்துவிடும். இப்போது 3-இல் ஓட்டுகிறேன். வலது வளைவு ஒன்றில், வெளியேறும்போது சீட்டுக்கு அடியில் டயர் லேசாக நெளிவது தெரிகிறது. முன்பென்றால் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

குறைகளும் உண்டு. இரண்டு முறை டிராக்கில் விழுந்தேன், இரண்டிலும் போனது முன்சக்கரம். அதற்கு இது எதுவும் செய்யாது. இன்னொரு முறை, பின்னால் உயரம் சற்றுக் குறைந்த டயர் போட்டதும் நேர்ச்சாலையிலேயே இன்ஜின் இழுவை விட்டுவிட்டு வந்தது. சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றுவதைச் சறுக்கல் என்று கணினி நினைத்துவிட்டது. சக்கரச் சுற்றளவு மாறினால் கணினிக்குப் புதிதாக அளவு சொல்லித்தர வேண்டும். மாட்டிய இடத்தில் அதைச் சொல்லவே இல்லை. இரண்டு வாரம் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டேன்.

நண்பன் இன்னும் பைக்கை வாங்குவான், 1-க்கு மாற்றிக்கொண்டு ஓட்டுவான். போன முறை திருப்பி மாற்ற மறந்துவிட்டான். நான் மூன்று சுற்று முடித்து வந்து, மீட்டரைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.