கலர் அடித்துத் தமிழ் படிக்கப் பழகியது: எங்கள் வீட்டு அனுபவம்

பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. என் மகளுக்கும் அப்படித்தான். ஐந்து வயதை நெருங்கும்போது கிரேயானும் தாளுமாகத் தமிழ் எழுத்தைத் தொடங்கினோம். இப்போது ஆறரை வயது, சின்னக் கதைகளை எழுத்துக்கூட்டித் தானே படிக்கிறாள். ஆனால் கலர் அடித்தாலே வாசிப்பு வந்துவிடாது. எப்படி அடிக்க வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கிற புத்தகங்களில் பக்கம் நிறைய ஒரு வெற்று 'அ' இருக்கும், பக்கத்தில் ஓர் அணில். பிள்ளை கோட்டைத் தாண்டாமல் நிரப்புவதிலேயே குறியாக இருக்கும். எழுத்தின் ஒலியை நினைக்க வேண்டிய தேவையே வராது. விரலுக்குப் பலம் வரும், அது நல்லதுதான். அப்புறம், 'ஏ ஃபார் ஆப்பிள்' முறை தமிழுக்குப் பொருந்தவும் இல்லை. ண, ள, ழ, ன எல்லாம் சொல்லுக்கு முதலில் வராதவை. ஒரு புத்தகத்தில் 'ழ'வுக்குப் பழம் போட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு என் மகள் அந்த எழுத்தை 'ப' என்றாள். அவள் மேல் தப்பே இல்லை.

உண்மையாகவே உதவியது, படித்துவிட்டு அடிக்கும் கலர். ஒரு தாளில் நாலைந்து கோட்டுப்படங்களை நானே வரைவேன். கீழே 'குடை சிவப்பு', 'பூனை கறுப்பு' என்று எழுதுவேன். நான் படித்துக் காட்டமாட்டேன். எந்தக் கலர் என்று தெரிய வேண்டுமானால் அவளேதான் படிக்க வேண்டும். சரியாகப் படித்தாளா என்பதைக் கேள்வி கேட்காமலே படம் சொல்லிவிடும். இலைக்குப் பச்சை என்று எழுதினால் படிக்காமலே அடித்துவிடுவாள் என்பதால், ஊகிக்க முடியாத கலராக எழுதத் தொடங்கினேன். ஒருநாள் 'யானை மஞ்சள்' என்று பார்த்ததும் நிமிர்ந்து, "அம்மா, தப்பா எழுதிட்டியா?" என்றாள். "நீயே பாரேன்" என்றேன். விரலை எழுத்தின் கீழே வைத்து, ம... ஞ்... ச... ள் என்று ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பிறகு ஒன்றும் பேசாமல் மஞ்சள் கிரேயானை எடுத்தாள். உட்கார்ந்து படி என்றால் நழுவுகிற பிள்ளை, அந்த ஒரு சொல்லை இரண்டு முறை படித்தது.

அடுத்து உயிர்மெய். பள்ளியில் கன்னடம் முதலில் பழகியவளுக்குக் 'கெ', 'கே', 'கை' பெரிய குழப்பம். கன்னடத்தில் உயிர்க்குறி மேலே, வலப்பக்கம், கீழே என்று வரும். எழுத்துக்கு முன்னால் வராது. தமிழில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. அதனால் மெய்க்கு நீலம், உயிர்க்குறிக்குச் சிவப்பு என்று வைத்துக்கொண்டோம். 'கொ'வில் இரண்டு பக்கமும் சிவப்பு, நடுவில் நீலம். "நீலத்தை நினைச்சுக்கோ, சிவப்போட சேர்த்துச் சொல்லு" என்றால் போதும், பிடித்துக்கொண்டாள். லை, னை, ணை, ளை நாலும் இதில் அடங்குவது 1978-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தால்தான். பாட்டி இன்னும் பழைய வடிவத்தில்தான் எழுதுகிறார். அதில் குறி எழுத்தோடு ஒட்டியே இருப்பதால், பாட்டி எழுதிக் கொடுத்த தாளில் எதற்குச் சிவப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

இந்த இரண்டு நிற முறை உகர, ஊகார வரிசையில் நின்றுவிடுகிறது. கு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். குறியைத் தனியாகப் பிரித்துக் கலர் அடிக்க முடியாது. அதற்கு வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. அடிக்கடி கண்ணில் பட்டுத்தான் பழகினாள்.

பொருள்களைப் பொறுத்தவரை, தடித்த வேக்ஸ் கிரேயான் சின்னக் கைக்கு நல்லது. உயிர்க்குறி மாதிரி நுணுக்கமான இடத்துக்குக் கலர் பென்சில்தான் சரி. ஸ்கெட்ச் பேனா மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறிவிடும். கதைகளுக்கு, இதே ஊரின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கதை படித்த பிறகு அதில் வருகிறவர்களையே அடுத்த தாளில் வரைந்துகொடுப்பேன்.

இப்போது அவள் வரைந்து எழுதித் தருகிறாள், நான் அடிக்க வேண்டும். ஒரு தாளில் 'பச்சை'க்குப் 'பசை' என்று எழுதியிருந்தாள். நான் பசை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். தாளைப் பிடுங்கிக்கொண்டு போய் 'ச்' சேர்த்துவிட்டு வந்தாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மரம், படம், பட்டம், கல் என்று அகரமும் புள்ளியும் மட்டும் உள்ள சொற்களை முதலில் எடுங்கள். வழக்கமான கலர் பெயர்களில் மஞ்சள் அந்த வகை. ஆறு படம் வரைந்து, 'மஞ்சள் மரம், மஞ்சள் பட்டம்' என்று எழுதி, எழுதியிருப்பதை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு நீலம், ஊதா. சிவப்பும் கறுப்பும் கடைசியில் வரட்டும்.