எம்ஜிபி டாஷ்போர்டில் பழைய ரேடியோ: வண்ணார்பேட்டை கடையின் வேலை எப்படி?

வண்ணார்பேட்டையில் பழைய கார் வயரிங் பார்க்கும் இந்தச் சின்னக் கடையின் வேலை சுத்தம். 1967க்கு முந்தைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த் ரேடியோவை அப்படியே மாட்டினால் கரண்ட் தலைகீழாகப் போய் டிரான்சிஸ்டர் காலி. இங்கே போலாரிட்டி (எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்று) பார்க்காமல் வயரையே தொடுவதில்லை. காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களை மாற்றிய பிறகுதான் 12 வோல்ட் கொடுக்கிறார்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் கெடலாம் என்பதும் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்ஜின் ஓடும்போது வரும் கரகரப்புக்கு, ஸ்பார்க்குக்கு ஹை வோல்டேஜ் தரும் காயிலில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வயர் வரும் முனையில் 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போடுகிறார்கள். அதையே பாயின்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் கான்டாக்ட்) பக்கம் போட்டால் ஸ்பார்க் பலவீனமாகும். பலர் செய்கிற தப்பு இது. ஏரியல் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி எர்த் எடுத்து, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெல்லிய ஸ்டேஷனை வைத்து ரேடியோவை ஏரியலோடு பொருத்தும் டிரிம்மர் திருகைச் சத்தம் கூடும்வரை திருகுகிறார்கள்.

ஒரே குறை, ரேடியோவின் பின்பக்கத் தாங்கு பட்டையைக் கேட்டால்தான் போடுகிறார்கள். அவசியம் கேளுங்கள். முன்பக்க நட்டு இரண்டு மட்டும் பாரம் சுமந்தால் ரோட்டுக் குழியில் டாஷ் தகடு வளைந்துவிடும். டாஷ்போர்டை வெட்டச் சொன்னால் முடியாது என்கிறார்கள். அதற்காகவே நம்பி வண்டியை விடலாம்.