திக்கா, தின்னா, வாடகையா: ஸ்டோரேஜ் நிறையும் நாளில் எது என்ன செய்யும்?

சர்வருக்கு 500 ஜிபி கேட்கிறார்கள். முதல் ஆறு மாதம் 60 ஜிபிகூட நிரம்புவதில்லை. மீதி 440 ஜிபி யார் கணக்கில் காலியாகக் கிடக்க வேண்டும் என்பதுதான் டேட்டா சென்டர் ஸ்டோரேஜில் தீராத வழக்கு. ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று விலையை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. இடம் தீர்ந்துபோகும் நாளில் எது உடைகிறது, எத்தனை பேருக்கு உடைகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. இந்த அலசல் முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

திக்கும் தின்னும்

டிஸ்க் இடத்தைப் பங்கிடும் லினக்ஸ் எல்விஎம்மில் திக் வால்யூம் (மெஷினுக்குத் தரும் டிஸ்க் பங்கு) என்றால் கேட்ட 500 ஜிபியும் அன்றைக்கே ஒதுக்கப்பட்டுவிடும். வீண்தான். ஆனால் அது நிறைந்தால் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ‘இடமில்லை’ என்ற பிழை வரும்; பக்கத்து மெஷினுக்கு எதுவும் தெரியாது.

பல வால்யூம்கள் பகிரும் தின் பூல் அப்படியல்ல; எழுதும்போதுதான் இடம் ஒதுக்கும். 600 இலைக்குச் சமைத்துவிட்டு 1000 பேருக்குப் பத்திரிகை வைப்பது போன்றது. வராதவர்கள் வராத வரை பந்தி அருமையாக நடக்கும். 2 டிபி பூலில் தலா 500 ஜிபி என்று பத்து வால்யூம் கொடுத்தால் 5 டிபி வாக்குறுதி. கையில் இருப்பது 2. நிறைந்தால் பத்துக்கும் ஒரே நேரத்தில் எழுத்து நிற்கும். இயல்புநிலை அமைப்பில் கர்னல் 60 வினாடி காத்திருக்கும், பிறகு பிழை திருப்பும். ஃபைல் சிஸ்டங்களில் எக்ஸ்எஃப்எஸ் தன்னை மூடிக்கொள்ளக்கூடும், இஎக்ஸ்டி4 படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகக்கூடும். தவறு செய்தது ஒருவருடைய லாக் ஃபைல், தண்டனை பத்துப் பேருக்கு.

இதைத் தடுக்கும் அமைப்பு எல்விஎம்மிலேயே இருக்கிறது, ஆனால் வாங்கும்போது அணைந்தே வருகிறது. எல்விஎம் கான்ஃபிக் ஃபைலில் தின் பூல் தானாக விரியும் வரம்பு 100 என்று இருக்கும். 100 என்றால் ‘விரிக்காதே’ என்று பொருள். அதை 70 ஆக்கி, விரியும் அளவை 20 சதவீதமாக வைத்தால், 1 டிபி பூல் 700 ஜிபியைத் தாண்டும்போது 1.2 டிபி ஆகும். இரண்டு நிபந்தனைகள்: வால்யூம் குரூப்பில் (பூல் இடம் எடுக்கும் டிஸ்க் தொகுப்பு) காலியிடம் மிச்சமிருக்க வேண்டும், டிஎம்ஈவென்ட்டி என்ற கண்காணிப்பு டீமன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வால்யூம் குரூப் முழுவதையும் பூலுக்கே கொடுத்துவிட்டுத் தானியங்கி விரிவை நம்புவது, தண்ணீர் இல்லாத தொட்டிக்கு மோட்டார் மாட்டுவதுதான்.

டேட்டா சதவீதத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். மெட்டாடேட்டா சதவீதத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அதில்தான் இருக்கிறது; அது நிறைந்தால் டேட்டா நிறைவதைவிட மோசம். பூலை நிறுத்திப் பழுதுபார்க்க வேண்டிவரும். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) அதிகம் எடுக்கும் இடங்களில் மெட்டாடேட்டாதான் முதலில் ஏறும். இரண்டுக்கும் தனித்தனி எச்சரிக்கை வையுங்கள்.

இன்னொரு ஏமாற்றம்: மெஷினுக்குள்ளே 200 ஜிபியை அழித்துவிட்டோம், பூலில் ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லை. ஃபைல் அழிந்தது ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியும், பூலுக்குத் தெரியாது. எஃப்எஸ்ட்ரிம் கட்டளை ஓடினால்தான் சேதி கீழே போகும். அதற்கும் விர்ச்சுவல் டிஸ்க்கில் டிஸ்கார்டு (காலியான இடத்தைத் தெரிவிக்கும் வசதி) ‘அன்மேப்’ என்று இருக்க வேண்டும். நடுவில் லக்ஸ் குறியாக்கம் இருந்தால் அது இயல்பில் டிஸ்கார்டை மறித்துவிடும். பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று அந்த பிளாக்குகளைப் பிடித்திருந்தாலும் இடம் வராது.

ஆகவே டேட்டாபேஸின் டிரான்ஸாக்ஷன் லாக், எட்சிடி (கிளஸ்டரின் நிலையைக் காக்கும் தரவுத்தளம்) போன்றவற்றுக்கு திக். டெவலப்மென்ட் மெஷின்களுக்குத் தின். இதில் தயக்கமே வேண்டாம்.

செஃப்: கணக்கு தப்பும் இடம்

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே குளமாக்கும் செஃப்பில் பிளாக் டிவைஸ்கள் பிறப்பிலேயே தின்தான். டிஸ்க் தீர்ந்தால் இன்னொரு சர்வரைச் சேர்த்தால் போதும் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் எவ்வளவு விற்கலாம் என்பதில் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஐந்து சர்வர், தலா 20 டிபி, மூன்று நகல். 100 டிபியை மூன்றால் வகுத்து 33 டிபி என்று சொல்லிவிடுவார்கள். ஒரு சர்வர் விழுந்தால் மீதி நான்கும் அதன் தரவைத் தாங்க வேண்டும். அப்போது இருப்பது 80 டிபி. 85 சதவீதத்தில் ‘நிறையப்போகிறது’ எச்சரிக்கை, 90இல் நகல் மீட்பு நிற்கும், 95இல் எழுத்து நிற்கும். 80இல் 85 சதவீதம் 68. அதை மூன்றால் வகுத்தால் சுமார் 22.7 டிபி. விற்கக்கூடியது அவ்வளவுதான்.

அந்த 95 சதவீதம் சராசரியும் அல்ல. ஒரே ஒரு டிஸ்க் அந்த வரம்பைத் தொட்டாலே அதைப் பயன்படுத்தும் பூல்களில் எழுத்து நின்றுவிடும். மொத்தம் 78 சதவீதம்தான் என்று டேஷ்போர்டு பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம். டிஸ்க்வாரியான நிறைவைப் பாருங்கள், தரவை டிஸ்க்குகளில் சமமாகப் பரப்பும் அப்மேப் முறை பேலன்சரை இயக்கி வையுங்கள். நெருக்கடியில் புது டிஸ்க் செருகினால் உடனே மூச்சு வராது. தரவு இடம்பெயர மணிக்கணக்கில் ஆகும். 95ஐத் தற்காலிகமாக 96 ஆக்கி, வேண்டாததை அழித்து, உடனே பழைய அளவுக்குக் கொண்டுவருவதுதான் அப்போதைய வழி.

வாடகை ஸ்டோரேஜ்: ஜிபி3யா, இஎஃப்எஸ்ஸா

அமேசான் கிளவுடில் பழைய ஜிபி2 (gp2 என்ற டிஸ்க் வகையின் பெயர், ஜிகாபைட் அல்ல) வால்யூமில் வேகம் அளவோடு கட்டப்பட்டிருந்தது: ஒரு ஜிபிக்கு 3 ஐஆப்ஸ் (நொடிக்கு எத்தனை படிப்பு, எழுத்து என்ற அளவு). நிலையாக 3000 ஐஆப்ஸ் வேண்டுமென்றால் 1000 ஜிபி வாங்க வேண்டும், தரவு 80 ஜிபியாக இருந்தாலும். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 இந்த முடிச்சை அவிழ்த்தது. எந்த அளவானாலும் 3000 ஐஆப்ஸ் அடிப்படை. வேகத்துக்காகப் பெரிதாக வாங்கிய வால்யூம் இன்னும் இருந்தால், தேவையில்லாத இடத்துக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது.

பெரிதாக்குவது எளிது, சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. வால்யூமின் அளவை மாற்றுங்கள். நிலை ‘ஆப்டிமைசிங்’ ஆனதும் குரோபார்ட் கட்டளை கொண்டு பார்ட்டிஷனை நீட்டுங்கள். பிறகு இஎக்ஸ்டி4 ஆனால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஆனால் எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ். பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆர் வகை என்றால் 2 டிபியோடு நின்றுவிடும், புதிய ஜிபிடி வகை வேண்டும். அடுத்தடுத்த மாற்றங்களுக்கு அமேசான் வரம்பு வைத்திருப்பதால் பத்து பத்து ஜிபியாக ஏற்றிக்கொண்டிருக்கவும் முடியாது.

வால்யூமின் அளவைக் குறைக்க வழியே இல்லை. சின்ன வால்யூம் புதிதாக உருவாக்கி, ஆர்சிங்க்கில் நகலெடுத்து, சர்வரைச் சற்று நிறுத்த அனுமதி வாங்கி மாற்ற வேண்டும். உச்சவரம்பு வைக்காமல் தானாக விரிக்கும் ஸ்கிரிப்ட் எழுதினால், ஒரு ராத்திரி கொட்டிய லாகுக்கு மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அமேசானின் பகிர்வு ஃபைல் ஸ்டோரேஜான இஎஃப்எஸ்ஸில் அளவே சொல்ல வேண்டாம்; வைத்ததற்கு மட்டும் காசு, அழித்தால் கட்டணமும் இறங்கும். வர்ஜீனியா பிராந்தியத்தில் ஜிபி3 மாதம் ஜிபிக்கு 0.08 டாலர், இஎஃப்எஸ் ஸ்டாண்டர்டு 0.30 டாலர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனால் 1000 ஜிபி ஜிபி3 எடுத்து 200 ஜிபி மட்டும் பயன்படுத்தினால் 80 டாலர். அதே 200 ஜிபி இஎஃப்எஸ்ஸில் 60. பயன்பாடு சுமார் 27 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை இஎஃப்எஸ்தான் மலிவு. இது சேமிப்புக் கட்டணம் மட்டும். தேவைக்கேற்ப வேகம் கூடும் எலாஸ்டிக் முறையில் படிக்கவும் எழுதவும் தனிக் கட்டணம் உண்டு. டேட்டாபேஸை அதில் வைக்காதீர்கள். என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் முறை வழியாகப் போவதால் ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் தாமதம் கூடும்.

இஎஃப்எஸ் நிறையாது, ஆனால் மூச்சு வாங்கும். கிரெடிட்டைச் செலவழித்து வேகம் எடுக்கும் பர்ஸ்டிங் முறையில் 100 ஜிபி தரவுக்கு நிலையான வேகம் நொடிக்குச் சுமார் 5 எம்பிதான். புதிதாக உருவாக்கும்போது 2.1 டிபி கிரெடிட் தருவார்கள். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால் அது ஆறு மணி நேரம் தாங்கும். சோதனை பிரமாதமாக முடியும், லைவுக்குப் போன பிறகு தளம் தவழும். சிபியு, மெமரி எல்லாம் சும்மா இருக்கும், காரணம் புரியாது. அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்சில் பர்ஸ்ட் கிரெடிட் இருப்பைப் பாருங்கள். அது பூஜ்யத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தால் எலாஸ்டிக் முறைக்கு மாற்றுங்கள். தரவை நகர்த்த வேண்டியதில்லை.