எ உமன் ரெபல்ஸ்: முன்பாதிக்காகவே பார்க்கலாம்

கேத்தரின் ஹெப்பர்ன் நடித்து 1936இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரம்தான். தமிழ் சப்டைட்டில் இல்லாததால், இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் ஓடவிட்டு, சின்னம்மாவுக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து. பமேலா ஒரு நீதிபதியின் மகள். அப்பா டொனால்ட் கிறிஸ்ப். வீட்டையும் கோர்ட் மாதிரியே நடத்துகிற ஆள். பமேலா நம்பிய ஆண் ஏற்கெனவே கல்யாணமானவன். அப்புறம் என்ன, செத்துப்போன சகோதரியின் மகள் என்று ஊருக்குச் சொல்லித்தான் பெற்ற பிள்ளையை வளர்க்கிறாள்.

அவள் வேலைக்குப் போகும் பகுதிதான் படத்தின் உயிர். பெண்கள் பத்திரிகை ஒன்றில் சேர்ந்து, அதிலேயே பெண்களின் உரிமைகளை எழுதத் தொடங்குகிறாள். ஹெப்பர்னின் குரலில் கெஞ்சலே இல்லை. இங்கிலாந்தில் கல்யாணமான பெண் உழைத்த காசு அவளுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1870இல்தான். அதைச் சொன்னதும் சின்னம்மாவுக்குச் சிரிப்பு. மலையேறித் தேயிலைக் கொழுந்து பறித்தது அவர், சம்பளத்தன்று போய்க் கையெழுத்து வைத்து வாங்கியது சித்தப்பா. நம்ம தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனதே 1984இல்.

படம் வந்த அதே 1936இல்தான் ஹட்டன் தொகுதியில் தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர், அன்றைய இலங்கைச் சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டியவர். அவரைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

பின்பாதி சறுக்குகிறது. இயக்குநர் மார்க் சான்ட்ரிச் முந்தைய வருடம் 'டாப் ஹாட்' என்ற ஆட்டம் பாட்டுப் படம் எடுத்தவர். இதில் வருடங்கள் தடதடவென்று ஓடுகின்றன. பத்திரிகையை மறந்துவிட்டு மகளின் காதல், விவாகரத்து வழக்கு, ஊர்வாய் என்று கதை எங்கெங்கோ போகிறது. ஹெர்பர்ட் மார்ஷல் நடித்த தாமஸ் நல்ல மனுஷன்தான். அதற்காகக் கடைசியில் அவரைக் கட்டிக்கொண்டால்தான் பமேலாவுக்கு விடிவு என்பது போல முடிக்கணுமா? அந்தக் காலத்திலும் படம் ஓடவில்லை, தயாரித்த ஆர்.கே.ஓ. கம்பெனிக்கு நட்டம்.

ஏமாற்றுகிறவனாக வரும் வான் ஹெஃப்லினுக்கு இது முதல் படம். அவர் முகத்தைக் கண்டாலே சின்னம்மா திட்டத் தொடங்கிவிட்டார், நடிப்பு அந்தளவு. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகளோடு தாராளமாக உட்கார்ந்து பார்க்கலாம். இடையிடையே கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லத் தயாராக இருங்கள்.