கைப்பிடிப் பக்கமே சாய்ந்த கேமரா: ஒரு கிம்பலோடு ஐந்து வருடம்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். நடந்துகொண்டே எடுக்கும்போது கேமரா ஆடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை, மோட்டார் இல்லாமல் கையில் பிடிப்பதை, 2019இல் வாங்கினேன். மேலே கேமரா, நடுவில் தண்டு, கீழே எடைத் தட்டுகள். தண்டைச் சுற்றி கிம்பல், அதாவது தண்டை எந்தப் பக்கமும் தடையின்றிச் சாயவும் சுழலவும் விடும் வளைய மூட்டு. அதோடு கைப்பிடி. 650 கிராம் எடையுள்ள சோனி ஏ7 எம்3, அதற்கொரு அகலக்கோண லென்ஸ், தட்டுகள் எல்லாம் சேர்ந்தால் மூன்றரைக் கிலோ வரும். முகூர்த்த நாளில் நான்கு மணி நேரம் தூக்கினால் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

வாங்கிய புதிதில் அடியில் தாராளமாக எடை போட்டு ஓட்டினேன். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் போல, எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். அதுதான் நல்ல சமநிலை என்று நம்பியிருந்தேன். ஆனால் நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் கேமரா ஊஞ்சலாடியது. மணமகள் மேடையேறும் காட்சியில் மண்டபமே கப்பல் போல அசைந்தது.

காரணம் எளிது: அடிப்பாரம் அதிகம். அதை அறிய, தண்டைப் படுக்கைவசமாகப் பிடித்துக் கையை எடுத்தால் அது செங்குத்தாக வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். என்னுடையது ஒரே விநாடியில் விழுந்தது. இந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டு முதல் மூன்று விநாடி வைப்பார்கள். கிம்பலைத் தண்டில் சற்றுக் கீழே இறக்கினால், எடை மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைந்து, விழும் வேகமும் குறையும். மிதமிஞ்சி இறக்கினால் கேமரா தலைகுப்புறக் கவிழும். இரண்டரை விநாடிக்குக் கொண்டுவந்தேன். ஆட்டம் போனது.

அதோடு புதிய தொல்லை வந்தது. கேமரா எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தது. எடையை ஒரு நூல் நகர்த்தினால் நிமிரும். திரும்பி நடந்தால் எதிர்ப்பக்கம் சாயும். மறுபடி நகர்த்துவேன், மறுபடி சாயும். லென்ஸ் மூடியைச் சந்தேகித்தேன், கழுத்துப் பட்டையைச் சந்தேகித்தேன், மண்டபத்துத் தரையைக்கூட ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எட்டு மாதம் இப்படிப் போனது.

ஒருநாள் வீட்டில், விளக்கு ஸ்டாண்டில் கைப்பிடியை இறுக்கிக் கட்டிவிட்டு, கேமராவை மட்டும் பாதிச் சுற்றுத் திருப்பினேன். அதுவரை லென்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது இப்போது பின்பக்கம் சாய்ந்தது. அதாவது, சாய்வு கேமராவோடு திரும்பவில்லை. கைப்பிடி இருக்கும் பக்கத்திலேயே நின்றது. எடையில் கோளாறு என்றால் சாய்வு கேமராவோடு சுற்றியிருக்க வேண்டும். கைப்பிடியை விட்டு நகராத சாய்வு கிம்பலின் கோளாறு: அதன் சுழல் அச்சுகள் தண்டின் நடு மையத்தில் சந்திக்கவில்லை. எட்டு மாதமாக நான் தப்பான ஆளை அடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வருடம் இது ஏன் தெரியவில்லை என்பதுதான் சுவையான விஷயம். விழும் நேரம் இரண்டரை விநாடி என்றால், எடை மையம் கிம்பலுக்கு மூன்று மில்லிமீட்டர் போலத்தான் கீழே இருக்கும். அந்த நிலையில் கிம்பல் 0.3 மி.மீ. விலகியிருந்தால் பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. சாய்வு 6 டிகிரியைத் தொடும். அடியில் எடை மிகுந்து எடை மையம் இரண்டு சென்டிமீட்டர் கீழே கிடந்தபோது அதே விலகல் ஒரு டிகிரிகூடத் தராது. மையம் தவறிய கிம்பலை அடிப்பாரம் மூடி மறைக்கிறது. ‘எடையைக் கூட்டுங்கள், சரியாகிவிடும்’ என்று எனக்குச் சொன்ன அத்தனை பேரும் நோயை மறைக்கத்தான் மருந்து சொன்னார்கள்.

தயாரித்தவரிடம் கேட்டதற்கு, எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்றார். என் கிம்பலில் வளையத்தின் இருபுறமும் இரண்டு திருகாணிகள் உண்டு. ஒன்றைத் தளர்த்தி மற்றதை அதே அளவு முடுக்கினால் வளையம் அந்தத் திசையில் நகரும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. திருகிய பிறகு மறுபடி பாதிச் சுற்றுச் சோதனை. அதற்குக் குறுக்கான திசையைச் சரிசெய்ய வழியே வைக்கவில்லை. தெருக்கோடி லேத் பட்டறையில் மெல்லிய பித்தளைத் தகடு வெட்டி வாங்கி உள்ளே செருகினேன். மொத்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாய்வு போய்விட்டது.

சுழற்றிப் பார்க்கும் சோதனை அதற்குப் பிறகுதான் அர்த்தம் உள்ளது. தண்டைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டால் நல்ல பம்பரம் போல நிமிர்ந்து சுற்ற வேண்டும். தலையாட்டினால், கீழ்த் தட்டுகளை முன்னும் பின்னும் விலக்கிப் பார்க்க வேண்டும். விரைவாகத் திரும்பும் காட்சி எடுக்காதவர்கள் இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம்.

பேரிங் பற்றிச் சொல்லாமல் முடியாது. அட்சதை, மஞ்சள் தூள், மேடையில் அடிக்கும் நுரை எல்லாம் கிம்பலுக்குள் போகும். கெட்டியான கிரீஸ் இருந்தால் கேமரா சிறு சாய்விலேயே சிக்கி நிற்கும். அதையும் எடைக் கோளாறு என்று நினைத்துவிடுவோம். பெட்ரோலில் கழுவி உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுகிறேன். இரண்டாம் வருடத்திலேயே கிம்பலைத் தண்டில் இறுக்கும் திருகின் மரை தேய்ந்தது வேறு கதை.

இப்போது மோட்டார் கிம்பலும் வைத்திருக்கிறேன். அதுவும் சமநிலை கேட்கும். ஆனால் நம் சோம்பேறித்தனத்தை மோட்டார் சுமந்துகொள்ளும், பேட்டரி சீக்கிரம் தீரும். மண்டபத்துப் பெரிய மின்விசிறிக்கு முன்னால் அதுவே மேல். மோட்டார் இல்லாதது காற்றில் கோழி இறகாகத் திரும்பிவிடுகிறது. மாடிப்படி ஏறும் காட்சிக்கும், மணமக்களைச் சுற்றி வருவதற்கும் பழையதைத்தான் எடுக்கிறேன்.

இப்படி ஒன்றை இன்னொருவர் பயன்படுத்திய பழையதாக வாங்க நினைப்பவர்கள் சொந்தக் கேமராவோடு போங்கள். இரண்டரை விநாடிக்குச் சமன்செய்து, கைப்பிடியை அசைக்காமல் கேமராவைப் பாதிச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். விற்பவர் அடியில் இன்னும் ஒரு தட்டு போடலாமே என்றால், கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.